ஒருவர் கால், இன்னொருவர் கண்

விடியப்புறம் நாலே முக்கால். மட்டக்களப்பில், கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தின் நகரப் பக்கத் தொங்கலில் ஐந்து பேர் நிற்கிறோம். வாவியில் தோணி விளக்குகள் இன்னும் அணையவில்லை. இன்னும் இரண்டரை மாதத்தில் புற்றுநோயாளருக்கு நிதி சேர்க்கும் நடை ஒன்றில் 25 கிலோமீற்றர் நடப்பதாக ஐவரும் பெயர் கொடுத்துவிட்டோம். பெயர் கொடுக்க ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. காலைப் பழக்குவதற்குத்தான் மாதக்கணக்கு ஆகிறது.

மூன்றாவது சனிக்கிழமை, எங்களில் இளையவன் புதுச் சப்பாத்தோடு வந்தான். பந்து விளையாடிப் பழகிய உடம்பு, அவன்தான் முன்னால் போனான். ஆரையம்பதி தாண்டியதும் பின்னால் வந்த மூத்தவர் கேட்டார்: “என்னடா மனே, வலக்கால இழுத்து இழுத்து வைக்கிறாய்?” ஒன்றுமில்லை என்றான். மதிலில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம், அதுவும் உடைந்து காலுறையோடு ஒட்டியிருந்தது. பத்து நாள் அவனால் நடக்க முடியவில்லை. வலியை மறைக்க அவனால் முடிந்தது. நடையை மறைக்க முடியவில்லை. நெடுநடைக்கு நண்பர்கள் எதற்கு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

நடந்து காட்டியவர்கள்

2011 ஜூலையில் நேத்தன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ என்ற இரு நண்பர்கள் தெற்கே தெவுந்தர முனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். ஏறத்தாழ 670 கிலோமீற்றர், ஏறக்குறைய நான்கு கிழமை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டிய ‘ட்ரெயில்’ நடை அதுதான். 2016 இல் அதே தூரத்தை மறுதிசையில், பருத்தித்துறையிலிருந்து தெற்கே நடந்து, காலி கராப்பிட்டியப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். கணக்குப் போட்டால் நாளொன்றுக்குச் சுமார் 24 கிலோமீற்றர் வருகிறது. ஒரு நாள் அவ்வளவு நடப்பது பெரிய காரியமல்ல. அடுத்த நாள் எழும்பி மறுகாலும் அதே தூரம் நடப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மட்டக்களப்பாருக்கு இது புதிதுமல்ல. ஒவ்வோர் ஆண்டும் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை வெருகல், சித்தாண்டி, மாமாங்கம், திருக்கோவில் என்று நம் கரை வழியாகவே போய், உகந்தையில் காட்டுக்குள் இறங்குகிறது. அடியார்கள் பின்பற்றும் முறையைக் கவனித்தால் பாதி வைத்தியம் அதிலேயே இருக்கும். விடிய முன் புறப்படுகிறார்கள், வெயில் ஏற முன் தங்குகிறார்கள், தனியே காட்டுக்குள் இறங்குவதில்லை.

பன்னிரண்டு கிழமைக் கணக்கு

நடக்கத் தொடங்கிய சில கிழமைகளில் மூச்சு வாங்குவது குறையும், தசையும் தேறும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவில் பலப்படுவதில்லை. ‘இப்ப நல்லா இருக்கு’ என்று தூரத்தைத் திடீரெனக் கூட்டும்போதுதான் பாத எலும்பில் மயிர்க்கீறல் விழுவதும் குதிகால் வலிப்பதும். ஒரு கிழமையின் மொத்தத் தூரத்தை அடுத்த கிழமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமலிருப்பது நல்லது.

25 கிலோமீற்றர் இலக்கு என்றால் கணக்கு இப்படி:

• முதல் 4 கிழமை: கிழமைக்கு நாலு நாள் 30 முதல் 45 நிமிடம்; சனிக்கிழமை மட்டும் 6 முதல் 8 கிலோமீற்றர்.
• அடுத்த 4 கிழமை: சனிக்கிழமை நடை 10 இல் தொடங்கி 15 கிலோமீற்றர் வரை.
• 9 முதல் 11 ஆம் கிழமை வரை: சனிக்கிழமை 16 முதல் 20, மறுநாள் களைத்த காலோடு சிறு நடை.
• கடைசிக் கிழமை: வழமையில் பாதி. உடம்பு தன்னைச் சீர்செய்துகொள்வது ஓய்வில்தான்.

எங்கள் ஊர் தட்டை நிலம். ஏற்றமில்லை என்பது வசதி போலத் தெரியும். ஆனால் ஒரே தசை ஒரே விதமாக ஆயிரக்கணக்கான தடவை உழைக்கிறது. அதனால் கிழமைக்கு இரண்டு நாள் படியேறுவதும், குதிகாலை உயர்த்தி இறக்குவதும் உதவும். கல்லடிக் கடற்கரை மணலிலும் நடக்கலாம், முதலில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மணலில் குதிகால் புதைவதால் அதன் பின்தசைநார் அளவுக்கு மீறி இழுபடும். காலையில் கட்டிலால் இறங்கி வைக்கும் முதலடியில் குதிகால் குத்தினால், அது தூரத்தைக் குறைக்கச் சொல்லும் செய்தி.

எவ்வளவு வேகம்? பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கூட வருபவர் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கினால் வேகம் அவருக்குக் கூடிவிட்டது. ஐவரிலும் மெதுவாக நடப்பவரை நாங்கள் முன்னால் விட்டோம். பின்னால் விட்டால் அவர் எட்டிப் பிடிக்க ஓடுவார், நாங்கள் நின்று ஆறும்போது அவருக்கு ஆற நேரம் இராது.

பாதத்தைப் பார்

சப்பாத்தைப் பின்னேரத்தில் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் வேண்டும். நடைக்கு முந்திய மாதத்தில் புதுச் சப்பாத்து வேண்டாம். வியர்வையில் ஊறிப்போகும் பருத்திக் காலுறையைவிட, ஈரத்தை வெளியே விடும் கலப்பு நூல் நல்லது. மாற்றுச் சோடி ஒன்று பையில் இருக்கட்டும். நகத்தை ஒரு கிழமைக்கு முன்னரே நேராக வெட்டிவிடுங்கள்.

கொப்புளம் வரமுன் அந்த இடம் சூடாக எரியும். அந்த நிமிடமே நின்று பிளாஸ்டர் ஒட்டினால் கதை முடிந்தது. ‘அடுத்த சந்தியில் பார்ப்பம்’ என்பவர்தான் அடுத்த கிழமை வீட்டில் இருக்கிறார். சிறு கொப்புளத்தை உடைக்காமல் மூடிவிடுங்கள். பெரிதாகி நடக்கவிடாமல் வலித்தால் சவர்க்காரமிட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் துளையிட்டு நீரை வெளியேற்றலாம். மேல்தோலை உரிக்கக்கூடாது, அதுதான் இயற்கை தந்த கட்டு. நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்யாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

கச்சானும் தண்ணீரும்

ஆனி, ஆடியில் மேற்கே மலையிறங்கி வரும் கச்சான் காற்று சூடும் வறட்சியுமானது. வியர்வையை அது உடனே உலர்த்திவிடும், சட்டை நனையாததால் நீர் போனது தெரியாது. காற்றில்லாத ஈரப்பதமான காலையிலோ வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது, உடம்பும் குளிராது. இரண்டும் ஆபத்துத்தான், இரண்டும் வேறு வேறு விதம். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். அதற்குள் வியர்வை முந்தியே சுரக்கவும், அதில் உப்புக் குறைவாகப் போகவும் உடம்பு கற்றுக்கொள்கிறது. குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர் நேரே மத்தியான வெயிலில் இறங்கக்கூடாது.

தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் போதும், பிளேன்ரீ நிறத்துக்கு வந்தால் தண்ணீர் காணாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நடந்தால் உப்பும் வேண்டும். உப்பிட்ட கஞ்சி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், அல்லது பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்த ‘ஜீவனி’ உப்புத்தூள் எதுவும் சரி. வெறும் தண்ணீரை லீற்றர் லீற்றராகக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலையிடி, வாந்தி, மயக்கம் வரும். நடைக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். நடந்து வந்தபின் நிறை கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

புறப்பட ஒன்றரை மணித்தியாலம் முன்பு பிட்டும் வாழைப்பழமும் போதும். வழியில் பொக்கற்றுக்குள் வறுத்த கச்சானும் பேரீச்சம்பழமும். காற்றுக்கும் கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் இது. ஒரு கச்சான் வாட்டும், மற்றது தேற்றும். வீடு வந்தபின் சோறும் மீனும், அல்லது சட்டித் தயிர்.

மாத்திரை எடுப்பவர்கள்

நாற்பதைத் தாண்டியவர்கள், நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் பயிற்சிக்கு முன் வைத்தியரைப் பாருங்கள். இன்சுலின், கிளிக்ளசைட் போன்றவை எடுப்பவருக்கு நீண்ட நடையில் சீனி இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, காரணமில்லாக் கோபம் வந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் இருத்திப் பாருங்கள். கால் மரத்த நீரிழிவு நோயாளர் நேர்த்திக்காகக்கூட வெறுங்காலோடு தார் வீதியில் நடக்கக்கூடாது. சுடுவது அவருக்குத் தெரியாது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர் வெயில் நாளின் அளவைக் கேட்டறிய வேண்டும். நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் போட்டுக்கொண்டு நடப்பதையும் விடுங்கள். உடலில் நீர் குறைந்த நேரத்தில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

வீதியும் வயலும்

வாவியின் கடற்பக்கமான எழுவான்கரையில் நடந்து, 2014 இல் திறந்த மண்முனைப் பாலத்தால் மேற்கே படுவான்கரைக்குக் கடந்து, கொக்கட்டிச்சோலை போனால் நல்ல சனிக்கிழமை நடை. வாகனம் வரும் திசையைப் பார்த்தபடி வலப்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். இருட்டில் வெள்ளைச் சட்டையும் கைவிளக்கும் வேண்டும். வயல் வரம்பில் புடையன் பாம்பு கிடக்கும். படுவான்கரையில் யானை நடமாடும் இடங்களுக்கு விடிந்தபின், ஊரவரைக் கேட்டுப் போங்கள். காலில் காயத்தோடு வயல் சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்.

நிறுத்த வேண்டிய நேரம்

நெஞ்சு இறுக்கம், இளைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் நடை முடிந்தது. வெயிலில் வந்தவர் உளறினால், தள்ளாடினால், வழி மறந்தால் அது வெப்பத் தாக்கு. உள்ளுடல் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், மேலுடுப்பைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உணர்வற்றவருக்கு எதையும் பருக்கக்கூடாது. 1990 ‘சுவசெரிய’ இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வரும்வரை குளிர்விப்பதை நிறுத்த வேண்டாம்.

வெப்பத் தாக்கு வந்தவர், தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். முதலில் தடுமாறுவது அவருடைய மூளைதான். தனியே நடந்தால் அதைக் கண்டுகொள்ள ஆளில்லை. அதனால் எங்கள் ஐவருக்கும் ஒரு சட்டம் உண்டு. கூட வருபவர் ‘இரு’ என்றால் இருந்துவிட வேண்டும். அதில் நியாயம் பேசக்கூடாது. கொப்புளம் ஆறி வந்த இளையவன் இப்போது கடைசி ஆளாகத்தான் நடக்கிறான். முன்னால் போகிற நாலு பேரின் குதிகாலும் அவன் பொறுப்பு.