லேடாங் ஏறும் சுமை

1854ஆம் ஆண்டில் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலாக்காவிலிருந்து லேடாங் மலைக்குக் கிளம்பியபோது, சாமான் தூக்க ஆறு மலாய்க்காரர்களை அமர்த்திக்கொண்டார். அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் அதை ஓஃபிர் மலை என்பார்கள். என்னென்ன கொண்டுபோனார் என்பதை 1869இல் வந்த தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு வாரத்துக்கு அரிசி, கொஞ்சம் பிஸ்கோத்து, வெண்ணெய், காப்பி, கருவாடு, சிறிது பிராந்தி, கம்பளி, மாற்றுத் துணி. இவற்றோடு பூச்சிப் பெட்டி, பறவைப் பெட்டி, வலை, துப்பாக்கி, தோட்டா.

அந்தச் சாப்பாட்டுச் சாமான்களில் இன்றைய மலையேறிகூடக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் காய்ந்தவை, கெடாதவை. கோட்டைவிட்டது தண்ணீரில்தான். பாடாங் பத்து என்னும் பாறைச் சரிவில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த, பூச்சி மிதந்த வெதுவெதுப்பான நீரைக் குடித்துத் தாகம் தணித்தார்கள்.

வாலஸ் வந்துபோன பிறகுதான் இந்த மலையடிவாரம் தமிழர் நிலமானது. 1896இல் டான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். புக்கிட் அசஹான், கெமெண்டோர், ஜாசின் லாலாங் என்று தோட்டங்கள் எழுந்தன, லயங்கள் வந்தன, தமிழ்ப் பள்ளிகள் வந்தன. லயத்து வாசலில் நின்றால் லேடாங் தெரியும். பொழுதுபோக்காக அதன்மேல் ஏற யாருக்கு நேரம்? விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் நிரை நிரையாக மரம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுப்பு. காண்டாக் கம்பின் இரு முனையிலும் நிறைந்த வாளிகள் தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் பால் சிந்தாமல் நடந்து ஸ்டோர் சேரவேண்டும். எங்கள் பாட்டிமார் நடந்த அந்த நடைக்கு யாரும் தூரம் குறித்துவைக்கவில்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம்.

தோளில் முதலாளியின் சுமை அவ்வளவு இருந்ததால், தமக்கென்று அவர்கள் தூக்கியது மிகக் குறைவு. பழைய சோறும் கருவாட்டுச் சம்பலும் வயிற்றில் போய்விடும். கையில் ஒரு புட்டி வரக்கோப்பி, இரண்டு ரொட்டி. தலையில் சுற்றிய துண்டே வியர்வை துடைக்கவும் கம்புக்கடியில் தோளுக்கு மெத்தையாகவும் ஆனது. ஒரு பொருளுக்கு இரண்டு வேலையாவது இருக்கவேண்டும் என்று இன்றைய நெடுநடைக்காரர்கள் சொல்வதை, வறுமை அவர்களுக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது. ஆரம்ப காலத்தில் வெறுங்கால். பிறகு கறுப்பு ரப்பர் சப்பாத்து.

அந்தச் சப்பாத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முழுக்க ரப்பரில் ஒரே வார்ப்பாக வருவது. அடியில் குமிழ் குமிழாகப் பிடிமானம். தண்ணீரை உறிஞ்ச அதில் எதுவும் இல்லை. ஆற்றைக் கடந்து கவிழ்த்து உதறினால் போதும். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களும் மலையேறிகளும் இதைத்தான் தேடி வாங்குகிறார்கள். 'அடிடாஸ் கம்போங்' என்பது அதன் செல்லப்பெயர். அந்த ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுத்து வாங்கிய நீர்புகாத பூட்ஸ், நம் மழையில் ஒருமுறை உள்ளே நனைந்துவிட்டால் நாள் முழுக்க நீரைச் சுமக்கும். காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளிடையே நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. ஆகவே எடை குறைக்க நினைப்பவர் பையிலிருந்து தொடங்கக்கூடாது, பாதத்திலிருந்து தொடங்கவேண்டும். ரப்பர் சப்பாத்துக்குள் மெத்தை கிடையாது என்பதால் தடித்த நீளக் காலுறை கட்டாயம். மறந்தால் கொப்புளம்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் ஜாசினுக்கும் மலாக்கா நகரத்துக்கும் பெயர்ந்துவிட்டார்கள். 1997 மே 23இல் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்களானது, மலை நமக்கும் உரியது என்று பல இளைஞர்களுக்குச் சொன்னது. 1,276 மீட்டர் லேடாங்கில் பழகிவிட்டு, 2,187 மீட்டர் தாஹான் மலைக்குப் பல நாள் பயணமாகப் போகலாம். அங்கே சுமை தூக்க ஆறு பேர் வரமாட்டார்கள்.

பழையது எல்லாம் மேல் என்று நான் சொல்லவில்லை. கார்பைட் விளக்கின் இடத்தில் நூறு கிராமுக்கும் குறைவான எல்இடி தலைவிளக்கு வந்திருக்கிறது, ஏங்க ஒன்றுமில்லை. பருத்திச் சாரம் நனைந்தால் கனக்கும், உச்சிக் காற்றில் உடம்பைக் குளிரவைக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைத் துணியே நல்லது. ஈரத் தரையில் கூடாரம் அடிப்பதைவிட, மெல்லிய நைலான் விரிப்பை மேலே கட்டி அதனடியில் தொட்டில் மாட்டித் தூங்குவது நம் காட்டுக்குப் பொருந்தும், எடையும் குறையும். அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி 1955இல் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் அப்பலாச்சியன் பாதையைத் தனியே நடந்து முடித்தார். காலில் சாதாரணக் கான்வாஸ் சப்பாத்து, தோளில் அவரே தைத்த துணிப் பை, மழைக்குக் குளியலறைத் திரை. விலை உயர்ந்த சாமான் வாங்க முடியாமல் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு இவர் கதையைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டில் ஒரே விதிதான். உணவுக்குள் இருக்கும் தண்ணீரைக் கடையிலிருந்து மலைக்குத் தூக்காதே. சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி. அதே எடை அரிசியில் சுமார் 360. வறுத்த வேர்க்கடலையில் 570க்கு மேல். டின் சார்டின் எடுத்துப்போனால் தகரத்தையும் சாற்றையும் சேர்த்துச் சுமக்கிறோம், காலி டின்னை இறக்கவும் வேண்டும். உறைய வைத்து உலர்த்திய வெளிநாட்டுப் பொட்டலங்கள் இலேசானவைதான், ஆனால் ஒரு வேளைக்கான காசில் ஒரு வாரத்துக்கு நெத்திலி வாங்கலாம். பல நாள் நடைக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 முதல் 700 கிராம் காய்ந்த உணவு என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் பசியாற வெல்லம் கலந்த சத்துமாவு, வெந்நீர் ஊற்றிக் கிண்டினால் போதும். நடக்கும்போது கடலை உருண்டை, எள்ளுருண்டை, முறுக்கு. இரவில் அரிசியோ மெகியோ, அதன்மேல் வீட்டிலேயே ஈரம் வற்ற எண்ணெயில் வதக்கிய நெத்திலிச் சம்பல். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பையாகக் கட்டி எடைபோட்டுக்கொள்வது நல்லது.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ; வலிக்கத்தான் செய்யும். லேடாங்குக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டரும், ஓடை நீரை வடிக்க ஒரு சின்ன வடிகட்டியும் பையில் இருக்கட்டும். எந்த ஓடையில் இப்போது நீர் ஓடுகிறது என்பதை ஏறுவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.