கை உயர்த்தியவர்கள் கணக்குச் சொல்ல வேண்டாமா?

அமானிதம் என்னும் சொல்லை நம் இல்லங்களில் அறியாதவர் இலர். வெளியூர் செல்லும் அண்டை வீட்டார் நம்மிடம் ஒப்படைத்த நகைப்பெட்டி அமானிதம். திரும்பி வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். தொலைந்திருந்தால், எப்படித் தொலைந்தது என்று சொல்லியாக வேண்டும். பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்பவரை ஊர் என்ன சொல்லும்?

அந்நிய மண்ணுக்குத் தம் நாட்டுப் படையை அனுப்பச் சம்மதிக்கும் மக்கள் பிரதிநிதிகளும் அமானிதம் ஏற்றவர்களே. அனுப்பப்படும் வீரனின் உயிரும், அவனை நம்பி நிற்கும் அந்நாட்டு மக்களின் உயிரும் அவர்கள் கையில் உள்ளன. அந்தக் கணக்கை அவர்கள் எப்படி ஒப்புவித்தார்கள் என்பதற்கு நெதர்லாந்து நாட்டின் வரலாறு ஒரு பாடம்.

1993 ஏப்ரலில், போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை அறிவித்தது. அங்கே காவல் நிற்கப் பல நாடுகள் தயங்கின. அந்த ஆண்டு மே மாதத்தில், போஸ்னியாவுக்குப் படை அனுப்ப வழிகாண வேண்டும் என்று நெதர்லாந்து நாடாளுமன்றமே தீர்மானம் இயற்றியது. நோக்கம் நல்லதுதான். துன்புறும் மக்களுக்கு உதவ வேண்டும் என்னும் இரக்கம் அதில் இருந்தது. ஆனால், செல்பவர்களிடம் என்ன ஆயுதம் இருக்கும்? எதிரி பெரும்படையுடன் வந்தால் உதவிக்கு யார் வருவர்? இக்கேள்விகளுக்கு உறுதியான விடை பெறாமலேயே வீரர்கள் அனுப்பப்பட்டனர்.

1995 ஜூலை 11 அன்று செர்பியப் படை நகரைக் கைப்பற்றியது. இலேசான ஆயுதங்களோடு இருந்த சில நூறு நெதர்லாந்து வீரர்களால் அதைத் தடுக்க இயலவில்லை. கேட்ட விமான உதவியும் போதிய அளவில் வரவில்லை. அருகிலுள்ள பொட்டோச்சாரியில் இருந்த ஐ.நா. முகாமுக்குள் ஆயிரக்கணக்கானோர் அடைக்கலம் புகுந்தனர். ஜூலை 13 அன்று அவர்களும் வெளியே அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஆண்கள் சுமார் 350 பேர். சில நாட்களுக்குள் அந்நகரின் முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களுமாக 8,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இது இனப்படுகொலையே என்று சர்வதேச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்டாள்: "அடைக்கலம் என்று நம்பி வந்தவனை ஏன் வெளியே அனுப்பினீர்கள்?" இந்தக் கேள்விக்குப் பதில் எப்போது வந்தது தெரியுமா?

அரசு நியமித்த ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை 2002 ஏப்ரல் 10 அன்றுதான் வெளிவந்தது. ஆறு நாட்களில் பிரதமர் விம் கோக்கின் அமைச்சரவை பதவி விலகியது. பாராட்டத்தக்க செயலே. ஆனால் பொதுத் தேர்தலுக்கு அப்போது ஒரு மாதமே மீதமிருந்தது! தாய்மார்கள் ஓயவில்லை, நீதிமன்றப் படியேறினார்கள். முகாமிலிருந்து அனுப்பப்பட்ட அந்த 350 பேரின் இழப்புக்கு நெதர்லாந்து அரசு 10 சதவீத அளவில் பொறுப்பாளி என்று 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பத்தில் ஒரு பங்குப் பதில்!

இத்தனைக்குப் பிறகாவது பாடம் கற்றார்களா? 2015 ஜூன் மாதம் நெதர்லாந்துப் போர் விமானங்கள் ஈராக்கின் ஹவீஜா நகரில், ஐ.எஸ். இயக்கத்தின் வெடிகுண்டுத் தொழிற்கூடம் ஒன்றின்மீது குண்டு வீசின. உள்ளிருந்த வெடிமருந்தும் சேர்ந்து வெடித்ததில் அக்கம்பக்கத்து வீடுகள் சிதறின. குறைந்தது 70 பொதுமக்கள் மாண்டனர். இந்த உண்மை நாடாளுமன்றத்திற்கு அன்று உள்ளபடி சொல்லப்படவில்லை. 2019-இல் செய்தியாளர்கள் வெளிக்கொணர்ந்த பிறகே அரசு ஒப்புக்கொண்டது. அவைக்கு உரிய தகவல் தரப்படவில்லை என்பதை 2025 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கையும் எடுத்துக்காட்டியது.

"இராணுவ இரகசியத்தை வெளியிடலாமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளை எங்கே தாக்குவோம் என்பது இரகசியம். அதை யாரும் கேட்கவில்லை. நேற்று எத்தனை குழந்தைகள் இறந்தார்கள் என்பது எப்படி இரகசியமாகும்? குண்டு விழுந்த தெருவில் வாழ்பவர்களுக்கு அது தெரியுமே! தெரியாதிருப்பது, வரிப்பணம் கொடுத்து அந்த விமானத்தை அனுப்பிய குடிமக்களுக்கு மட்டும்தான்.

ஆகவே, எந்த நாட்டு மக்கள் பிரதிநிதியாயினும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எதற்காகப் படையை அனுப்பினீர்கள்? அங்கே என்ன நடந்தது? தீங்கு நேர்ந்திருந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள்? அமைச்சர் தரும் பதிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதற்கு ஓர் உறுப்பினர் தேவையில்லை. அதற்கு ஒரு தபால் பெட்டியே போதும்! பதில் முழுமையாக வரும்வரை கேட்பதற்கே அவர் அங்கே அமர்த்தப்பட்டிருக்கிறார்.

பொட்டோச்சாரியின் மையவாடியில் ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று, புதிதாக அடையாளம் காணப்பட்டோர் நல்லடக்கம் செய்யப்படுகின்றனர். ஓர் எலும்புத் துண்டாவது கிடைக்காதா என்று இன்னும் காத்திருக்கும் தாய்மார்கள் அங்கே வந்து நிற்கின்றனர். அவர்கள் பழிவாங்கக் கேட்கவில்லை. கொடுத்த அமானிதம் என்னவாயிற்று என்றே கேட்கிறார்கள். கை உயர்த்தி அனுப்பியவர்கள் வாய் திறந்து சொல்லட்டும்!