அளவும் தரமும்

உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அலகால் அளப்பர். செலவாகும் ஆற்றலைவிட உண்ணும் ஆற்றல் குறைந்தால் எடை குறையும், இதில் ஐயமில்லை. அப்படியானால், எண்ணிக்கை சரியாக இருந்தால் எதை வேண்டுமானாலும் உண்ணலாமா?

அமெரிக்க நாட்டின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் என்னும் அறிஞரின் குழு இதனை ஆராய்ந்து, 2019ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. 20 பேர் நான்கு வாரம் அங்கேயே தங்கினர். இரண்டு வாரம் ஆலைகளில் மிகுதியாகப் பதப்படுத்திய உணவு. இரண்டு வாரம் காய், கனி முதலியவற்றைக் கொண்டு சமைத்த உணவு. இருவகையிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவை ஏறத்தாழச் சமம். குறைந்த நார்ச்சத்தைக்கூடப் பானத்தில் கலந்து ஈடுசெய்தனர். விரும்பிய அளவு உண்ணலாம் என்பதே விதி.

பதப்படுத்திய உணவை உண்டபோது அவர்கள் நாள்தோறும் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உண்டனர். எடையும் ஏறக்குறைய ஒரு கிலோ கூடியது. மற்ற இரு வாரங்களில் அதே அளவு குறைந்தது. எடையை மாற்றியது அளவுதான். அந்த அளவை மாற்றியதோ உணவின் தரம். மிகுதியாக உண்ணும்படி எவரும் அவர்களைத் தூண்டவில்லை என்பது நோக்கத்தக்கது.

மென்மையான அவ்வுணவை அவர்கள் விரைந்து உண்டதும் ஒரு காரணமாகலாம். வயிறு நிறைந்த செய்தி மூளையை எட்டச் சிறிது நேரம் ஆகும். சுட்ட மக்காச்சோளக் கதிர் ஒன்றை மென்று முடிப்பதற்குள் ஒரு பொட்டலம் கிரீம் பிஸ்கட் தீர்ந்துவிடும்.