புகழேந்தி (முதல்வன்)

புகழேந்தி, ஷங்கர் இயக்கி 1999 நவம்பரில் வெளியான ‘முதல்வன்’ திரைப்படத்தின் நாயகன். அர்ஜுன் இவ்வேடத்தில் நடித்தார். வசனம் சுஜாதா. தொலைக்காட்சி ஒளிப்பதிவாளராக அறிமுகமாகும் புகழேந்தி ஒரு நாள் முதல்வராகி, பின்னர் மக்கள் ஆதரவுடன் முழுநேர முதல்வராகிறார்.

பேருந்து ஓட்டுநருக்கும் மாணவர்களுக்கும் மூண்ட சண்டை கலவரமாகிறது. வாக்கு வங்கியை எண்ணி, நடவடிக்கை வேண்டாம் என்று முதல்வர் அரங்கநாதன் (ரகுவரன்) காவல்துறையைத் தடுக்கிறார். இதை அறிந்த புகழேந்தி நேரலைப் பேட்டியில் அவரை மடக்குகிறார். ஒரு நாள் பதவியில் இருந்து பார்க்கும்படி அரங்கநாதன் விடும் சவால் அங்கே பிறக்கிறது. (சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம்வரை அமைச்சராக இருக்க அரசியலமைப்பின் 164ஆம் பிரிவு இடமளிக்கிறது. மற்றபடி இது சினிமாக் கணக்குதான்.)

அந்த ஒரு நாளில் புகழேந்தி எதற்கும் வளைந்துகொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கட்சி இல்லை, கூட்டணி இல்லை, அடுத்த தேர்தலும் இல்லை. ஊழல் அதிகாரிகள்மேல் உடனடி நடவடிக்கை எடுத்து, இறுதியில் அரங்கநாதனையே கைது செய்கிறார். முழுநேர முதல்வரான பிறகும், ஆட்சியாளர்கள் அன்றாடம் சந்திக்கும் சிறு சமரசங்களைப் படம் பெரும்பாலும் காட்டுவதில்லை. தொகுதிப் பங்கீடோ நன்கொடையோ புகழேந்தியைச் சோதிப்பதில்லை. அவர் நேரடியாகக் கொலைக்குத்தான் வந்துசேர்கிறார்.

பெற்றோர் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபின், அரங்கநாதனைத் தனியாகச் சந்திக்கும் புகழேந்தி, துப்பாக்கி அவர் கைக்குப் போகும்படி செய்கிறார். முதல்வர் தாக்கப்படுவதாக நம்பிய பாதுகாவலர்கள் அரங்கநாதனைச் சுட்டுக் கொல்கின்றனர். பார்வையாளர் இதைப் பழிக்குப் பழியாக ரசிக்கும்படியே காட்சி அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் தொடக்கத்தில் அரங்கநாதன்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டும் இதே வகையானது: காவல்துறையைத் தன் தேவைக்குப் பயன்படுத்தியது. அவர் காவலர்களின் கையைக் கட்டினார். புகழேந்தி அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் கையால் கொன்றார். பேட்டியை ஊரே பார்த்தது. இந்த அறையில் கேமரா இல்லை. ஒளிப்பதிவாளராக வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு இது சிறிய மாற்றமல்ல.

படம் இதை முற்றிலும் மறைக்கவில்லை. தன்னையும் அரசியல்வாதி ஆக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் புகழேந்திக்கு உண்டு. செயலாளர் மாயகிருஷ்ணனிடம் (மணிவண்ணன்) உண்மையைச் சொல்கிறார். அவரும் அதை நியாயம் என ஏற்கிறார். மாயகிருஷ்ணன் முந்தைய ஆட்சியின் அதிகாரி என்பதால் இந்த ஏற்பு இன்னும் உறுத்துகிறது. நேர்மையான ஒரு முதல்வரை வேண்டி நின்றவர், அவர் செய்த கொலையின் இரகசியத்தையும் காக்கவேண்டியவராகிறார்.

2001இல் அனில் கபூர், அம்ரிஷ் பூரி நடிக்க ‘நாயக்’ என்ற பெயரில் ஷங்கரே இப்படத்தை இந்தியில் எடுத்தார்.