கிழக்கு எந்தப் பக்கம்?



சென்ற மாதம் நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் திசைகள் பற்றிய பாடம். வழக்கமாகப் பாடம் எடுக்கும் அம்மையார் ஊருக்குப் போயிருந்தார். ரயில்வேயில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, மும்பையில் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்கும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். கரும்பலகையில் நான்கு அம்புக்குறிகளைப் போட்டேன். "கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சட்டென்று எழுந்தாள். "ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் தாத்தா! நம்ம வீடு வெஸ்ட், ஸ்கூல் ஈஸ்ட்!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் குழந்தை சொன்னதில் தவறு ஏதும் இல்லை. அந்தேரி, முலுண்ட், போரிவிலி என்று இந்த நகரத்துப் புறநகர்களையெல்லாம் ஈஸ்ட், வெஸ்ட் என்று பிரித்து வைத்திருப்பது தண்டவாளம்தானே! அவள் பிறந்து வளர்ந்த ஊர் அவளுக்குக் கற்றுக்கொடுத்த திசை அது. வீடு திரும்பும்போது எனக்கு வேறொரு எண்ணம் வந்தது. அவள் என்னைத் திருப்பி, "கிழக்கு என்றால் என்ன அர்த்தம் தாத்தா?" என்று கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அந்தப் பதிலைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

கீழும் மேலும்

கிழக்கு என்ற சொல்லில் 'கீழ்' இருக்கிறது. மேற்கு என்பதில் 'மேல்' இருக்கிறது. சூரியன் உதிப்பதற்கும் மறைவதற்கும் இந்தச் சொற்களில் இடமில்லை. தமிழ் நிலம் மேற்கே மலையாக உயர்ந்து, கிழக்கே கடலை நோக்கித் தாழ்ந்து கிடக்கிறது. காவிரியும் வைகையும் தாமிரபரணியும் மேலேயிருந்து கீழே, அதாவது மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகின்றன. குணக்கு, குடக்கு என்ற பழைய சொற்களும் தமிழில் உண்டு. ஆனால் நிலைத்து நின்றவை நிலத்தின் சாய்வைச் சொன்ன இந்தச் சொற்களே. ஒரு பொறியாளனின் கண்ணுக்கு இது வெறும் சொல் அல்ல, ஒரு மட்டம் பார்த்த குறிப்பு!

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே என் அக்கா வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். நான் பிறந்தது பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலைப் பக்கம். அத்தான் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. சாமான் வாங்கக் கம்பத்துக்குப் போகும் நாளில் அக்கா, "கீழே போயிட்டு வந்துடறேன்" என்பாள். கம்பமெட்டு வழியாக இறங்கினால் கிழக்கே தமிழ்நாடு. அந்த மலை விளிம்பில் நிற்பவர்களுக்குக் கிழக்கும் கீழும் ஒன்றே. ராமக்கல்மேட்டுக்குப் போனவர்கள் இதை நேரில் பார்த்திருப்பார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால், கம்பம் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும்.

மூணாறுக்கு அப்பால் உள்ள டாப் ஸ்டேஷனும் இதே கதையைச் சொல்கிறது. முன்பு மூணாறு தேயிலை, குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலில் அந்த உச்சிக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தது. கொட்டகுடிக்கு பாட்டம் ஸ்டேஷன் என்றே பெயர் வந்துவிட்டது. 1924 வெள்ளத்தோடு அந்த ரயில் பாதை போயிற்று. மேலே, கீழே என்ற பெயர் மட்டும் நின்றது.

மலை தாண்டியதும்

இனி அதே மலையிலிருந்து மறுபக்கம் இறங்குவோம். கோட்டயம், குட்டநாடு பக்கம் போனால் மலை கிழக்கே இருக்கிறது, கடல் மேற்கே இருக்கிறது. ஆனாலும் மலையாளத்தில் அந்தத் திசைக்குப் பெயர் 'கிழக்கு'தான். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிக் குட்டநாட்டை மூழ்கடிக்கும் தண்ணீரை அங்கே 'கிழக்கன் வெள்ளம்' என்கிறார்கள். சற்று யோசித்துப் பாருங்கள்! 'கீழ்' என்று பெயர் வாங்கிய திசை தலைக்கு மேலே நிற்கிறது, அங்கிருந்து வெள்ளம் கீழே வருகிறது.

இதை எடுத்துக் காட்டியவர் கால்டுவெல். 1856-ல் வெளிவந்த தமது ஒப்பிலக்கண நூலில், மலைக்குக் கிழக்கே இருந்த மக்களின் சொல்லே மலை கடந்து போயிருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். மக்கள் கூட்டமாகக் குடிபெயர்ந்தார்களா, அல்லது இரு மொழிக்கும் பொதுவான பழைய மொழியிலிருந்து சொல் மட்டும் வந்ததா என்பதை அறிஞர்கள் பேசட்டும். எனக்குப் பட்டது இதுதான்: நிலம் மாறியது, சொல் மாறவில்லை.

மேற்குக்கு மட்டும் மலையாளம் வேறு வழி கண்டது. 'படிஞ்ஞாறு' என்றால் ஞாயிறு படியும் திசை. கன்னடத்தில் மூடண, படுவண என்பதும், மராத்தியில் கிராமத்தார் சொல்லும் உகவத்தி, மாவளத்தி என்பதும் உதிப்பதையும் மறைவதையும் வைத்து வந்தவையே. ஆக, திசைக்குப் பெயர் வைக்க மனிதன் ஒன்று நிலத்தைப் பார்த்தான், அல்லது வானத்தைப் பார்த்தான்.

ரயில்வேக்காரர்களான நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை! எங்களுக்கு 'அப்' என்றால் தலைமையிடத்தை நோக்கி வருவது, 'டவுன்' என்றால் அதை விட்டுப் போவது. கர்ஜத்திலிருந்து லோனாவலாவுக்கு 37 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தான ஏற்றத்தில், பின்னால் தள்ளும் எஞ்சின்களின் துணையோடு மூச்சு வாங்கி ஏறும் வண்டி எங்கள் கணக்கில் 'டவுன்' வண்டி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்தால்தான் அது எந்தப் பக்கம் காட்டுகிறது என்று புரியும்.

ஐந்து ஊர், ஒரே முடிச்சு

சரி, நிலமே கண்ணுக்குத் தெரியாத நடுக்கடலில் என்ன செய்வது? அங்கே மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. சூரியனை நம்பலாம் என்றால், அது நேர் கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டே நாட்கள். மற்ற நாட்களில் வடக்கும் தெற்குமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

காந்த ஊசி இருக்கிறதே என்பீர்கள். நல்ல கருவிதான், ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. டிப்ளமா முடித்துப் பயிற்சிக்குப் போன புதிதில், பிரிஸ்மாட்டிக் காம்பஸை அடுக்கி வைத்திருந்த தண்டவாளங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கோணம் எடுத்தேன். மாலையில் கணக்குப் போட்டால் எதுவும் பொருந்தவில்லை. அன்றைய வேலை முழுவதும் வீண். மூத்த மேஸ்திரி ஒருவர், "தம்பி, இரும்புக்குப் பக்கத்துல ஊசி பொய் சொல்லும்" என்று சிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல்களை இரும்பால் கட்டத் தொடங்கியபோது கப்பல்காரர்களுக்கும் இதே தொல்லை வந்தது. அதைச் சரிக்கட்ட, திசைகாட்டிப் பெட்டியின் இரு பக்கமும் இரும்புக் குண்டுகளையும் உள்ளே காந்தங்களையும் வைத்தார்கள்.

அதற்கெல்லாம் முன்பே நம் கடல்களில் ஓடிய மாலுமிகள் வானத்தை முழுமையாகப் பயன்படுத்தினார்கள். மாலுமி, சுக்கான் ஆகிய சொற்களே அரபியிலிருந்து நம்மிடம் வந்தவை. நாம் கட்டுமரத்தைக் கொடுத்தோம், ஆங்கிலேயர் அதைக் காட்டமரன் ஆக்கிக்கொண்டார்கள். அரபு மாலுமிகள் அடிவானத்தை 32 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு பதினொன்றேகால் பாகை. நட்சத்திரங்கள் உதிக்கும் இடத்தையும் மறையும் இடத்தையும் கொண்டு அந்தத் திசைகளுக்குப் பெயரிட்டார்கள்.

அவர்களிடம் இன்னொரு எளிய கருவி இருந்தது. ஒரு சிறு மரப்பலகை, அதன் நடுவிலிருந்து ஒரு கயிறு, கயிற்றில் சில முடிச்சுகள், அவ்வளவுதான். அரபியில் கமால், நம் கடலோரத்தில் இராப்பலகை. முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கயிறு விறைக்கும்படி பலகையைப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய துறைமுகத்தின் மட்டத்துக்கு வந்தாயிற்று. துருவ நட்சத்திரம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே அந்த இடத்தின் அட்சரேகை. அதன் பிறகு சுக்கானைத் திருப்பி, அந்த உயரம் மாறாமல் நேராகக் கரையை நோக்கி ஓட்டினால் போதும்.

நிலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். பொன்னானி, பாலக்காடு, திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் ஆகிய ஐந்து ஊர்களும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 10 பாகை 46 நிமிடத்தை ஒட்டி இருக்கின்றன! மேலைக் கடலில் பொன்னானிக்கு வரும் மாலுமிக்கும், கீழைக் கடலில் நாகைக்கு வரும் மாலுமிக்கும் ஒரே முடிச்சு போதும். நடுவில் எங்கள் பாலக்காடு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 140 மீட்டர் அளவே உயர்ந்து, மலைத்தொடரில் கதவு திறந்து வைத்தாற்போல் கிடக்கும் கணவாய் அது. குமரியைச் சுற்றிப் போகாமல் இரு கடல்களையும் சேர்த்த தரை வழி இது. கோவை வட்டாரத்தில் ரோமானிய நாணயங்கள் கிடைத்ததற்கு இந்த வழியையே காரணமாகச் சொல்கிறார்கள். 1861-ல் திரூர்–பேப்பூர் பாதையைத் திறந்த ரயில்வேக்காரர்களும், 1862-ல் சென்னையோடு அதை இணைத்தபோது இந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். ரயில் போய்ச் சேர்ந்த பேப்பூரோ, உரு என்னும் மரக்கப்பல் கட்டும் ஊர்!

காற்றுக்கும் பெயர் உண்டு

பாய்மரக் கப்பலுக்குத் திசை தெரிந்தால் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நம்மவர்கள் காற்றையே திசையாக்கினார்கள். வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து வருவது கொண்டல், தெற்கேயிருந்து வருவது தென்றல், மேற்கேயிருந்து வருவது கோடை. இலங்கைத் தமிழ் மீனவர்கள் தென்மேற்குக் காற்றைச் சோழகம் என்றும், மேல்காற்றைக் கச்சான் என்றும் சொல்வார்கள். பெயரைச் சொன்னாலே எந்தப் பருவம், எந்தப் பக்கம் பாயைத் திருப்புவது என்று தெரிந்துவிடும்.

எங்கள் கணவாய்க்குக் கடல் இல்லாவிட்டாலும் காற்று உண்டு. ஆடியில் மேற்கேயிருந்து புகுந்து கோவை, உடுமலைப் பக்கம் ஓடுகிறது. கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து வறண்ட காற்றாகப் பாலக்காட்டுக்குள் திரும்பி வருகிறது. தமிழில் ஆடிக்காற்று, மலையாளத்தில் விருச்சிகக் காற்று. சிறுவயதில் அந்தக் காற்றில் பனையோலைகள் இரவெல்லாம் சலசலப்பதைக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன். இன்று கஞ்சிக்கோட்டிலும் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் நிற்கின்றன.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

இந்த மும்பையிலும் கடல் மேற்கே, மலை கிழக்கே. நாம் இங்கே 'கிழக்கு' என்று சொல்லும்போதெல்லாம், இந்த நிலத்துக்குப் பொருந்தாத, விட்டு வந்த நிலத்தின் சாய்வைத்தான் சொல்கிறோம். மலை தாண்டிப் போனவர்கள் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. நாமும் விட வேண்டியதில்லை. ஆனால் பொருள் தெரியாமல் கொடுத்தால், பிள்ளைகளுக்கு அது பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் சொல்லாகவே போய்விடும்.

மறு வாரமும் வகுப்புக்குப் போனேன். அந்தச் சிறுமியிடம் மலையும் ஆறும் கடலும் வரைந்து காட்டினேன். சற்று நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ நம்ம ஊர்ல கிழக்குன்னா தண்ணி போற பக்கமா தாத்தா?" என்று கேட்டாள். அதைவிடச் சரியான விளக்கம் எனக்கும் தெரியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, வடக்கு அடிவானம் நன்றாகத் தெரியும் இடத்தில், இரவில் பிள்ளையோடு நில்லுங்கள். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் உயரம் சுமார் 10 பாகை. பாலக்காட்டிலும் திருச்சியிலும் நாகையிலும் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே நிற்கும். மும்பைக்குத் திரும்பி, விளக்கு வெளிச்சம் குறைந்த இடத்தில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு முஷ்டி. வித்தியாசம் சுமார் 8 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கச் சொல்லுங்கள். ஊரை விட்டு வடக்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைப் பிள்ளை தன் கையாலேயே அளந்துவிடும்.