மலைக்குள் ஒரு சந்திப்பு

ஒரு மலையை இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வருகிறவர்கள், நடுவில் எப்படிப் பிசகாமல் சந்திக்கிறார்கள்? சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் என் மனம் போய் நிற்கும். ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு அடியில் 57 கிலோமீட்டர் போகும் அது, உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம். 2016-இல் திறந்தார்கள். சில இடங்களில் ரயிலின் தலைக்கு மேல் 2,300 மீட்டர் உயரத்துக்குப் பாறை. அந்த ஆழத்தில் பாறையே 45 டிகிரிக்குச் சுடும்.

வெளியே இருக்கும்வரை செயற்கைக்கோள் வழி சொல்லும். வாசலைத் தாண்டினால் அது கிடையாது. வாசலில் குறித்த திசையை ஒளிக்கதிரின் துணையோடு முழம் முழமாக உள்ளே கொண்டுபோக வேண்டும். ஆனால் சுவரோரத்துச் சூடான காற்று அந்தக் கதிரை வளைத்துவிடும். கோடையில் தார்ச்சாலையில் கானல் தெரிகிறதே, அதே காரணம்தான். அதனால் பூமியின் சுழற்சியைக் கொண்டே வடக்கைக் கண்டுபிடிக்கும் கைரோஸ்கோப் கருவியை வைத்துத் திசையை மறுபடி மறுபடி சரிபார்த்தார்கள்.

என்னை மிகவும் வியக்க வைத்தது தூக்குக்குண்டு. கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அந்தக் குண்டு, பெரிய மலைகளுக்கு நடுவே முற்றிலும் நேராகத் தொங்குவதில்லை. மலையின் ஈர்ப்பு அதை மயிரிழை அளவு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது! அந்த மயிரிழையையும் கணக்கில் சேர்த்தார்கள். 2010 அக்டோபர் 15 அன்று கடைசிப் பாறை உடைந்தபோது, பக்கவாட்டில் 8 சென்டிமீட்டர், உயரத்தில் 1 சென்டிமீட்டர் மட்டுமே விலகியிருந்தது.

இதே மலையில், இதற்கும் மேலே, 15 கிலோமீட்டர் நீளத்தில் பழைய சுரங்கம் ஒன்று உண்டு. 1872-இல் தொடங்கிய வேலை அது. செயற்கைக்கோளும் இல்லை, வடக்கைக் காட்டும் கைரோஸ்கோப் கருவியும் இல்லை. மலை உச்சிகளில் நின்று முக்கோணம் முக்கோணமாக அளந்தவர்கள் 33 சென்டிமீட்டர்தான் பிசகினார்கள். அதை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. டைனமைட் புகையிலும் வெக்கையிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியக் கூலிகள். விபத்துகளில் மட்டும் ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். ஒப்பந்தம் எடுத்த பொறியாளர் லூயி ஃபாவ்ரும் 1879-இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் துளை விழுந்தது. அதன் வழியே முதலில் மறுபக்கம் போனது, ஒரு தகரப் பெட்டியில் வைத்த ஃபாவ்ரின் படம்.