ஒரு கோப்பைத் தேநீரும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும்

இயற்கை தன்னைப் பாடங்களாகப் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை, பிரித்தவர் மனிதரே. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் என வகுத்துக்கொண்டமையால் ஆராய்ச்சி ஓங்கி வளர்ந்தது என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், பதினொரு வயதுச் சிறுவர் இவ்வெல்லைகளை அறியார். வெலிமடையில் ஆறாம் வகுப்பிற் பயிலும் சிறுமி, விடியற்காலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்குவதேன் என்று கேட்பாள். அவள் தம்பி, வெயிலிற் கிடந்த உருளைக்கிழங்கு பச்சை நிறம் கொள்வதேன் என்பான். கொழும்பில் விரைவில் வெந்த பருப்பு இங்கே வேக மறுப்பதேன் என்று தாய் அலுத்துக்கொள்வாள். ஆயிரம் மீற்றர் உயரத்தை அண்டிய இவ்வூரில் வளியமுக்கம் குறைவு. ஆதலின் நீர் ஏறத்தாழ 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கொதிநீரின் வெப்பம் குறைந்தால் பருப்பு வேக நேரம் செல்லும். அடுப்பங்கரையில் எழுந்த ஒரு கேள்விக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

இவ்வாறு எழும் கேள்விகளை எழுந்தவாறே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வேண்டிய அறிவை எத்துறையிலிருந்தும் பெற்றுக் கற்பிப்பதே ஒன்றிணைந்த விஞ்ஞானம். ஆறாம் வகுப்பு முதலான இடைநிலை வகுப்புகளில் இப்பாடம் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஊவா மலைநாட்டின் நிலைமையை மனத்திற் கொண்டு இங்கு சிறிது ஆராய்வோம்.

பாடம் பிறந்த கதை

1968ஆம் ஆண்டு, யுனெஸ்கோவின் ஆதரவுடன் பல்கேரியா நாட்டிற் கூடிய உலக மாநாடு ஒன்று, விஞ்ஞானத்தை ஒன்றிணைத்துக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தது. நான்கே ஆண்டுகளில் இலங்கை அதனைச் செயலிற் காட்டிற்று. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒன்றிணைந்த விஞ்ஞானத்தை மாணவர் அனைவர்க்கும் உரிய பாடமாக்கியது. அதற்குமுன் விஞ்ஞானக் கல்வி பெரும்பாலும் ஆய்வுகூட வசதி படைத்த நகரப் பாடசாலைகளின் செல்வமாகவே இருந்தது. ஒரே பாடம், ஒரே ஆசிரியர் என்ற ஏற்பாட்டினால் சிறிய கிராமப் பாடசாலையும் விஞ்ஞானம் கற்பிக்க வழி பிறந்தது. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் அச்சீர்திருத்தத்தின் பல கூறுகள் கைவிடப்பட்டன. எனினும், விஞ்ஞானத்தை ஒரே பாடமாக யாவரும் கற்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.

இந்நன்மை தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காலந்தாழ்த்தியே வந்தது. 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்துக்குப் புறத்தே நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை ஓராசிரியருடன் ஆரம்ப வகுப்புகளோடு முடிந்துவிடும். 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. நாட்டின் ஏனைய பிள்ளைகள் விஞ்ஞானம் கற்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே, லயத்துப் பிள்ளைகள் பலரின் கையில் விஞ்ஞானப் புத்தகம் கிடைத்தது.

தைத்த புத்தகமும் இணைந்த பாடமும்

பெயரில் ஒன்றிணைந்த பாடம் வகுப்பறையிலும் ஒன்றிணைந்திருக்கின்றதா? மூன்று மெல்லிய புத்தகங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டால் அது ஒன்றிணைந்த விஞ்ஞானம் ஆகிவிடாது. உயிரியல் கற்று வந்த ஆசிரியர் மின்சுற்றை விரைந்து கடப்பதும், பௌதிகவியல் கற்றவர் பூவின் பாகங்களைக் குறிப்பெழுதச் சொல்லி முடித்துக்கொள்வதும் ஆசிரிய உலகில் நாம் யாவரும் அறிந்தவையே. ஆசிரியரைக் குறை கூறிப் பயனில்லை. ஒரு துறையில் மட்டும் பயிற்சி பெற்றவரிடம் மூன்று துறைகளையும் ஒப்படைத்தோமாயின், அவருக்கு வேண்டிய துணையையும் நாமே அளித்தல் வேண்டும். ஒரே பாடசாலையில், அன்றி அயற் பாடசாலைகளில், வெவ்வேறு துறை கற்ற இருவர் தவணைக்கு ஒருமுறை கூடியிருந்து பாடங்களைத் திட்டமிட்டாற்கூட இக்குறையிற் பாதி தீரும்.

இணைப்பதற்கு உரிய பொருள் எங்கே கிடைக்கும் எனச் சிலர் வினவலாம். ஊவா மலைகளில் அதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. காலையில் நாம் அருந்தும் தேத்தண்ணியே ஒரு தவணைக்குரிய பாடமாகும்.

நூறு கிலோக் கொழுந்து தொழிற்சாலைக்குள் சென்றால் ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோத் தேயிலையே வெளிவரும். எஞ்சிய எழுபத்தெட்டுக் கிலோ எங்கே போயிற்று? ஏழாம் வகுப்பில் இக்கேள்வியைப் போட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும். கொழுந்தை வாட்டும்போது இலைகளினூடே காற்றுச் செலுத்தப்படுகின்றது, நீர் ஆவியாகின்றது. இது பௌதிகவியல். வாடிய இலையை உருட்டி நசுக்கும்போது கலங்கள் உடைந்து, உள்ளிருந்த நொதியங்கள் சாற்றுடன் கலக்கின்றன. இது உயிரியல். காற்றிலுள்ள ஒட்சிசன் சேர, பச்சை இலை செப்பு நிறமாகின்றது. இது இரசாயனவியல். இப்படியைத் தொழிற்சாலையில் நொதித்தல் என்றே வழங்குவர். ஆயின், தோசை மாவு புளிப்பதுபோல் நுண்ணுயிர்கள் இங்கே தொழிற்படுவதில்லை. ஒட்சியேற்றம் என்பதே இதற்குத் தகுந்த பெயர். பின்னர் சூடான காற்றினால் உலர்த்தும்போது நொதியங்கள் செயலிழக்க, மாற்றமும் நின்றுவிடுகின்றது.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உருளைக்கிழங்கை மூன்று துண்டுகளாக வெட்டி, ஒன்றை அப்படியே வைத்து, ஒன்றில் தேசிக்காய்ச் சாறு பூசி, ஒன்றைக் கொதிநீரில் இட்டு எடுத்து வைத்தால், எது கறுக்கின்றது, எது கறுக்கவில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர்.

யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வடிக்கப்படும் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலை கடந்து இறங்கும்போது சூடேறி வறண்டு ஊவாவில் வீசுகின்றது. இக்கச்சான் காற்றின் வறட்சியைத் தாங்கும் செடியின் கொழுந்திலேதான் அந்நறுமணம் விளைகின்றது. கூரைத் தகரத்தை அசைக்கும் காற்றுக்கும் கோப்பையின் மணத்துக்கும் தொடர்புண்டு என அறியும் பிள்ளை, விஞ்ஞானம் எங்கோ பிற நாட்டில் நடப்பது என எண்ணாது.

மழை நாளிற் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென எடை கழிப்பது தோட்டங்களில் வழக்கம். ஒரு கிலோ நனைந்த கொழுந்தில் உண்மையில் எவ்வளவு நீர் ஒட்டியிருக்கும்? ஒரு தராசும் ஒரு துணியும் இருந்தால் மாணவர் இதனை அளந்துவிடலாம். தாயின் நாட்சம்பளத்தோடு தொடர்புடைய இச்சோதனையை எந்த மாணவனும் மறவான்.

நீரும் நிலமும் சொல்லும் பாடம்

வெலிமடைப் பிள்ளைகள் நன்கறிந்த உமா ஓயா, இயல்பாக வடக்கே ஓடி மகாவலியிற் கலப்பது. வெலிமடையை அடுத்த புஹுல்பொலவில் அதனை அணையிட்டு மறித்து, மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே தென்கிழக்கு வறண்ட நிலத்துக்குக் கொண்டு செல்லும் திட்டம் 2024 ஏப்ரல் மாதம் திறந்து வைக்கப்பட்டது. அதன் மின்நிலையத்தின் வலு 120 மெகாவாற்று. ஆயினும், 2014 இறுதியிற் சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்ததைத் தொடர்ந்து பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. ஆழத்தில் தோண்டிய குழி மேலேயுள்ள கிணற்றை வற்றச் செய்வதெவ்வாறு? நிலத்தடி நீர், பாறைப் பிளவு, அமுக்கம், மின்பிறப்பாக்கம், பயிர்ச்செய்கை அனைத்தும் இவ்வொரு கேள்வியிற் கைகோத்து நிற்கின்றன.

இதனினும் துயரமானது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலை மூடிய காலை வேளையை ஊவா மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் பதுளை மாவட்டம் உட்பட மலைநாடெங்கும் மண்சரிவுகளால் பெருந்துயரை விளைத்தது. நிலத்திற் புதிய வெடிப்புகள் தோன்றுதல், மரங்களும் கம்பங்களும் சாய்தல், நீரில்லா இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்றுத் திடீரெனக் கலங்குதல் என்பன மலை விடுக்கும் எச்சரிக்கைகள். நீர் ஊறிய மண் பாரமாகிப் பிடிப்பிழக்கும் என்பதை விளங்கிக்கொண்ட பிள்ளை இவ்வடையாளங்களைக் கண்டவுடன் வீட்டாரை எழுப்பி வெளியேற்றும். உயிர் காக்கும் இப்பாடத்தைப் பரீட்சைக்கு வருமா வராதா என்று பார்த்தா கற்பிப்பது?

கருவியும் சொல்லும்

ஆய்வுகூடம் இல்லையே என்பது பல பாடசாலைகளின் குறை. அக்குறை நியாயமானதே; அதனைத் தீர்ப்பது அரசாங்கத்தின் கடன். ஆயினும் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. உலகப் போரினால் ஆய்வுகூடங்களை இழந்த நாடுகளின் ஆசிரியர்க்கென எழுந்த சிறு நூலொன்றே வளர்ந்து, 1956இல் யுனெஸ்கோவின் விஞ்ஞான போதனைக் கைந்நூலாக வெளிவந்தது. போத்தலும் மெழுகுதிரியும் தகரப்பேணியுமே அதிற் கருவிகள். பிளாஸ்ரிக் போத்தலை வெட்டி மழைமானி செய்யலாம். மருந்துக்கடை அயடீனில் ஒரு துளி, வெலிமடைத் தோட்டத்து உருளைக்கிழங்கிலுள்ள மாப்பொருளைக் கருநீலமாக்கிக் காட்டிவிடும்.

மொழியும் ஒரு கருவியே. லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகிய சுவாமி விபுலாநந்தர் கலைச்சொல்லாக்கத்திற் பணிபுரிந்ததோடு, ஒலியியற் கணக்கையும் பழந்தமிழ் இசையையும் இணைத்து யாழ் நூலை 1947இல் வெளியிட்டார். துறைகளை இணைத்து நோக்குவது தமிழுக்குப் புதிதன்று. பிள்ளை அறிந்த "வாட்டுதல்" என்னும் சொல்லிலிருந்து "ஆவியாதல்" என்னும் கலைச்சொல்லுக்கு அழைத்துச் செல்வது எளிது. கலைச்சொல்லை மட்டும் மனப்பாடம் செய்வித்தால் அது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

உயர்தரத்தில் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மலைநாட்டில் இன்னும் அரியவை. அவ்வகுப்பு இருக்கும் பதுளைக்கோ அதற்கப்பாலோ சென்று தங்கிப் பயிலும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், இங்குள்ள பிள்ளைகளிற் பலருக்குப் பதினோராம் வகுப்போடு முடியும் விஞ்ஞானமே வாழ்நாளிற் கிடைக்கும் முழு விஞ்ஞானமாகும். அது அரைகுறையாய் இருத்தல் ஆகாது. மேலே செல்வோர்க்கு வாயிலாகவும், செல்லாதோர்க்கு வாழ்க்கைத் துணையாகவும் அது அமைதல் வேண்டும்.

2021ஆம் ஆண்டு இரசாயன உரம் திடீரெனத் தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களின் பின் அனுமதிக்கப்பட்டபோது, உருளைக்கிழங்கும் தேயிலையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பட்ட இடரை நாம் அறிவோம். நாளை இத்தகைய வேளையில், மண்ணுக்கு எது தேவை, எவ்வளவு தேவை என்று சீர்தூக்கிப் பேச வல்லவர் இன்று நம் வகுப்பறைகளில் இருப்போரே. பாடசாலையிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி என்று கேட்கும் பெற்றோர், இன்று எதனை அளந்தாய், எதனைச் சோதித்தாய் என்றும் கேட்பாராக. அக்கேள்வி வீட்டில் எழுந்தால் வகுப்பறை தானே திருந்தும்.